தீர்மானம் வேறு, சட்டம் வேறு

இரண்டு நிமிட மௌனம்

ஊரில் ஒரு கூட்டம் நடக்கிறது. அது கிராம சபையாக இருக்கலாம். தொழிலாளர் சங்கமாக இருக்கலாம். மகளிர் குழுவாகவும் இருக்கலாம்.

ஊருக்கு நல்லது செய்த ஒருவர் இறந்துவிட்டார். தலைவர் எழுந்து அவர் பெயரைச் சொல்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு நோட்டில் நாலு வரி எழுதுகிறார்கள். அதன் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதற்குப் பெயர் இரங்கல் தீர்மானம்.

நாட்டை ஆளும் சபைகளிலும் இந்த வழக்கம் உண்டு. 2001 டிசம்பர் 13 அன்று தில்லியில் நம் நாடாளுமன்றத்தைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் தாக்கினார்கள். காவலர்கள் உயிர் கொடுத்து அவர்களைத் தடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த தோட்டக்காரர் ஒருவரும் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் எல்லாக் கட்சித் தலைவர்களும் அவர்களுக்கு மலர் வைத்து வணங்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் சபைகள் இரங்கல் தீர்மானம் போடுகின்றன. அங்கே துப்பாக்கியால் இறந்தவர்களுக்காகப் பல தடவை தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு தீர்மானத்தின் கதை இது.

அமெரிக்காவில் துப்பாக்கி

இந்தியாவில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உரிமம் எளிதில் கிடைக்காது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. துப்பாக்கி வைத்திருப்பது அங்கே மக்களின் உரிமை. 1791ஆம் ஆண்டு அதை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கோடிக்கணக்கான வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. சிலர் வேட்டைக்கு வைத்திருக்கிறார்கள். சிலர் பாதுகாப்புக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

இதனால் இழப்பும் பெரிது. 2021ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே 48,000 பேருக்கு மேல் துப்பாக்கிக் குண்டால் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பிறரால் கொல்லப்பட்டவர்கள்.

டூசான் நகரில் ஒரு சனிக்கிழமை

அரிசோனா என்பது அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கே டூசான் என்று ஒரு நகரம் உண்டு. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் என்ற பெண்மணி அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அப்போது அவருக்கு 40 வயது.

2011 ஜனவரி 8, சனிக்கிழமை. காலை 10 மணி. கடைவீதியில் ஒரு பெரிய மளிகைக் கடை. அதன் வாசலில் மேசை போட்டு, கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். குறை சொல்லலாம். கேள்வி கேட்கலாம். மக்கள் வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் ஒரு சிறுமியும் வந்திருந்தாள். பெயர் கிறிஸ்டினா டெய்லர் கிரீன். வயது 9. பள்ளியில் மாணவர் மன்றத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெரிய சபையின் உறுப்பினர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க அவளுக்கு ஆசை. பக்கத்து வீட்டு அம்மா அவளை அழைத்து வந்திருந்தார்.

அப்போது 22 வயது இளைஞன் ஒருவன் வந்தான். கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். முதல் குண்டு கிஃபர்ட்ஸின் தலையில் பாய்ந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சுட்டான். அவன் துப்பாக்கியில் 33 தோட்டா கொள்ளும் நீளமான பெட்டி மாட்டியிருந்தது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது.

6 பேர் இறந்தார்கள். 13 பேர் குண்டடி பட்டார்கள். சிறுமி கிறிஸ்டினா இறந்தாள். ஜான் ரோல் என்ற நீதிபதி இறந்தார். கிஃபர்ட்ஸின் உதவியாளர் கேப் சிம்மர்மன் இறந்தார். அன்றைய கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். வயது 30.

தடுத்தவர்கள்

தோட்டா தீர்ந்ததும் அந்த இளைஞன் அடுத்த பெட்டியை எடுத்தான். சுற்றி இருந்த ஆண்கள் அவன் மேல் பாய்ந்து கீழே தள்ளினார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலையில் குண்டு உரசி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, தோட்டாப் பெட்டியை அவன் கைக்கு எட்டாமல் பறித்துக்கொண்டார். அந்தப் பெட்டி துப்பாக்கிக்குள் போயிருந்தால் இன்னும் பலர் இறந்திருப்பார்கள்.

டேனியல் ஹெர்னாண்டஸ் என்ற 20 வயது மாணவர் கிஃபர்ட்ஸிடம் பயிற்சிக்கு வந்திருந்தார். வேலையில் சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் ஓடிப்போய் கிஃபர்ட்ஸைத் தாங்கிப் பிடித்தார். தலைக் காயத்தைக் கையால் அழுத்தி, ரத்தம் அதிகம் போகாமல் தடுத்தார். ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் கையை எடுக்கவில்லை. கிஃபர்ட்ஸ் பிழைத்தார்.

நாலே நாளில் ஒரு தீர்மானம்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டில் காங்கிரஸ் என்பது ஒரு கட்சி. அங்கே அது நாடாளுமன்றத்தின் பெயர். அதில் இரண்டு சபைகள் உண்டு. ஒன்று பிரதிநிதிகள் சபை. அதில் 435 பேர். இன்னொன்று செனட். அதில் 100 பேர்.

கிஃபர்ட்ஸ் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர். அந்த வாரம் சபையில் செய்ய இருந்த மற்ற வேலைகளைத் தள்ளிவைத்தார்கள். ஜனவரி 12 அன்று சபை கூடியது. இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறிப் பேசினார்கள். சபாநாயகர் பேசும்போது அழுதுவிட்டார். அவர் கிஃபர்ட்ஸின் எதிர்க் கட்சியைச் சேர்ந்தவர்.

அன்று சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அதில் என்ன இருந்தது?

இறந்த 6 பேரின் பெயர்களும் இருந்தன. காயம் பட்டவர்களில் சிலரின் பெயர்களும் இருந்தன. சுட்டவனைப் பிடித்தவர்கள், காயம் பட்டவர்களுக்கு உதவியவர்கள் ஆகியோரின் பெயர்களும் இருந்தன. தோட்டாப் பெட்டியைப் பறித்த பெண்மணியின் பெயரும் அதில் உண்டு. ஹெர்னாண்டஸின் பெயரும் உண்டு.

தீர்மானம் தாக்குதலைக் கண்டித்தது. குடும்பங்களுக்கு ஆறுதல் சொன்னது. உதவியவர்களைப் பாராட்டியது. மக்கள் அமைதியாகக் கூடும் உரிமையை மறுபடி உறுதிசெய்தது.

செனட் சபையும் அதே மாதத்தில் தனியாக ஒரு தீர்மானம் போட்டது.

தீர்மானத்தால் என்ன ஆகும்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் சட்டம் அல்ல.

சட்டம் வர வேண்டும் என்றால் முதலில் மசோதா கொண்டு வர வேண்டும். அமெரிக்காவில் அதை இரண்டு சபைகளும் ஏற்க வேண்டும். பிறகு குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகு அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். மீறினால் தண்டனை உண்டு.

இரங்கல் தீர்மானம் அப்படி இல்லை. ஒரு சபை மட்டும் போட்டால் போதும். குடியரசுத் தலைவரிடம் போக வேண்டியதில்லை. அது சபையின் மனதைச் சொல்லும். யாரையும் எதையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது.

டூசான் தீர்மானத்தில் துப்பாக்கி விற்பனை பற்றி எந்த நிபந்தனையும் இல்லை. பெரிய தோட்டாப் பெட்டி பற்றியும் எதுவும் இல்லை. அதனால்தான் இரண்டு கட்சிகளும் சேர்ந்து அதை நிறைவேற்ற முடிந்தது.

பெரிய தோட்டாப் பெட்டிக்கு முன்பு தடை இருந்தது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பெட்டியைப் புதிதாகச் செய்து விற்கக் கூடாது என்று 1994ல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்கு 10 ஆண்டு ஆயுள். 2004ல் அது முடிந்துபோனது. மறுபடி அதைப் புதுப்பிக்கவில்லை.

டூசான் துயரம் நடந்த அதே மாதம், அந்தத் தடையை மறுபடி கொண்டுவர ஒருவர் மசோதா கொடுத்தார். அவர் கரோலின் மெக்கார்த்தி. நர்சாக இருந்தவர். 1993ல் ஓடும் ரயிலில் ஒருவன் சுட்டதில் அவருடைய கணவர் இறந்தார். மகன் பலத்த காயம் அடைந்தார். அதன் பிறகுதான் அவர் தேர்தலில் நின்று உறுப்பினர் ஆனார்.

இரங்கல் தீர்மானம் 4 நாளில் நிறைவேறியது. மெக்கார்த்தியின் மசோதா நிறைவேறவே இல்லை.

அடுத்தடுத்து இரண்டு நாள்

கேப் சிம்மர்மனின் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று உறுப்பினர்கள் நினைத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் அறைக்கு அவர் பெயரை வைக்க, 2011 டிசம்பர் 1 அன்று பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. 2013 ஏப்ரல் 16 அன்று அந்த அறையில் பெயர்ப் பலகை வைத்தார்கள். கிஃபர்ட்ஸ் அந்த விழாவுக்கு வந்தார். பெரிய தலைவர்கள் பலர் வந்தார்கள்.

மறுநாள் ஏப்ரல் 17. அன்று செனட் சபையில் ஒரு முக்கியமான வாக்கெடுப்பு.

அதற்கு நான்கு மாதம் முன்பு, 2012 டிசம்பர் 14 அன்று, நியூடவுன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் 20 சிறு குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். நாடே அழுதது. சட்டத்தில் மாற்றம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள்.

துப்பாக்கி வாங்க வருபவர் குற்றவாளியா என்று கடைக்காரர் விசாரித்துப் பார்க்க வேண்டும். இது 1993ல் வந்த சட்டம். ஆனால் கடை வைக்காமல் தனியாக விற்பவர்களுக்கு இந்த விதி இல்லை. துப்பாக்கிச் சந்தையிலும் இணையத்தில் விளம்பரம் செய்தும் அப்படி விற்கிறவர்கள் உண்டு. அந்த விற்பனைக்கும் விசாரணை வேண்டும் என்பதுதான் அன்றைய கோரிக்கை. நேர்மையாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லை, உரிமையில் கை வைப்பது என்று எதிர்த் தரப்பினர் சொன்னார்கள்.

நிறைவேற 60 வாக்கு வேண்டும். ஆதரவாக 54 வாக்கு விழுந்தது. எதிராக 46 வாக்கு விழுந்தது. கோரிக்கை தோற்றது.

அப்போது பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “உங்களுக்கு வெட்கமாக இல்லையா?” என்று ஒரு பெண்மணி கத்தினார். காவலர்கள் அவரை வெளியே அழைத்துப் போனார்கள்.

அவர் வேறு யாரும் இல்லை. டூசானில் தோட்டாப் பெட்டியைப் பறித்த அதே பெண்மணி. பிரதிநிதிகள் சபை பெயர் சொல்லிப் பாராட்டிய அதே பெண்மணி.

மறுபடி எழுதப் பழகியவர்

கிஃபர்ட்ஸின் கதை இன்னும் முடியவில்லை. குண்டு அவருடைய மூளையின் இடது பக்கத்தைத் துளைத்திருந்தது. பேச்சு போய்விட்டது. வலது கையும் வலது காலும் சரியாக இயங்கவில்லை.

மேடையில் சரளமாகப் பேசியவர், ஒவ்வொரு சொல்லாகப் பேசப் பழகினார். வலது கையால் எழுதியவர், இடது கையால் எழுதப் பழகினார். வயது வந்த பிறகு எழுத்தைப் பழகுவது எவ்வளவு கடினம் என்பது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2012 ஜனவரியில் அவர் பதவி விலகினார். உடம்பைத் தேற்றிக்கொள்ள நேரம் வேண்டும் என்றார். ஆனால் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 2013 ஜனவரி 8 அன்று, குண்டு பாய்ந்து இரண்டு ஆண்டு முடிந்த நாளில், கணவர் மார்க் கெல்லியுடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நீளமாகப் பேச முடியாது. சில வரிகள்தான் பேசுவார்.

மார்க் கெல்லி விண்வெளி வீரராக இருந்தவர். 2020ல் தேர்தலில் வென்று அவர் செனட் உறுப்பினர் ஆனார். காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்த ஹெர்னாண்டஸும் 2016ல் தேர்தலில் வென்று அரிசோனா மாநில சபையின் உறுப்பினர் ஆனார்.

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி என்ற ஊரில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இம்முறை இரண்டு கட்சிகளையும் சேர்ந்த சிலர் உட்கார்ந்து பேசி ஒரு மசோதா தயாரித்தார்கள். செனட்டில் அதற்கு ஆதரவாக 65 வாக்கு விழுந்தது. எதிராக 33 வாக்கு. 2022 ஜூன் 25 அன்று அது சட்டம் ஆனது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் துப்பாக்கி வாங்க வந்தால் கூடுதல் விசாரணை வேண்டும் என்றது அந்தச் சட்டம். மனநல சிகிச்சைக்கும் பணம் ஒதுக்கியது.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. பெரிய தோட்டாப் பெட்டிக்கு நாடு முழுவதுக்குமான தடை அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் டூசான் துயரம் நடந்து 11 ஆண்டுக்குப் பிறகு ஒரு படி ஏறினார்கள்.

அப்படியானால் தீர்மானம் வீணா?

வீண் இல்லை. தீர்மானத்துக்கும் பயன் உண்டு.

ஒன்று: பெயர்கள் பதிவாகின்றன. 9 வயது கிறிஸ்டினாவின் பெயர் ஒரு நாட்டின் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் அழிக்க முடியாது.

இரண்டு: குடும்பத்தாருக்கு ஆறுதல் கிடைக்கிறது. தங்கள் துயரத்தைச் சபை அறியும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

மூன்று: மக்கள் கையில் ஒரு பிடி கிடைக்கிறது. “அன்று எழுந்து நின்று வருந்தினீர்களே, இன்று என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று உறுப்பினர்களைக் கேட்கலாம். அந்தப் பெண்மணி செனட்டில் கேட்டதும் அதைத்தான்.

சிகாகோ நகரில் 15 வயது மாணவி ஹதியா பெண்டில்டன் 2013 ஜனவரி 29 அன்று பூங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டாள். அவளுடைய தோழிகள் ஆரஞ்சு நிற உடை அணிந்தார்கள். காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள், பிறர் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்று அந்த நிறத்தை அணிவார்கள். எங்களையும் சுடாதீர்கள் என்று சொல்வதுபோல அந்த நிறத்தைத் தோழிகள் தேர்ந்தெடுத்தார்கள். 2015 ஜூன் 2 அவளுடைய 18ஆவது பிறந்த நாளாக இருந்திருக்கும். அன்று முதல் ஒவ்வொரு ஜூன் மாதமும் துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாள் நடக்கிறது. பல நகர மேயர்களும் மாநில ஆளுநர்களும் அதை அறிவிக்கிறார்கள். இதுவும் சட்டம் அல்ல. ஆனால் ஒரு பள்ளி மாணவியின் பெயர் இதனால் மறக்காமல் இருக்கிறது.

எனவே தீர்மானம் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

படித்துவிட்டுக் கையெழுத்து

கூட்டத்தில் தீர்மான நோட்டு கைக்கு வந்தால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் படிக்க வேண்டும். எழுத்து புரியவில்லை என்றால் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு நாலு கேள்வி கேட்க வேண்டும்.

1. இது வருத்தமும் பாராட்டும் சொல்லும் தீர்மானமா? அல்லது ஒரு வேலையைச் செய்வதற்கான தீர்மானமா?
2. வேலை என்றால், யார் செய்ய வேண்டும்?
3. எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்?
4. செய்யாவிட்டால் யாரிடம் கேட்பது?

முதல் வகைத் தீர்மானத்துக்கு எழுந்து நின்றால் போதும். இரண்டாம் வகைக்கு, அடுத்த கூட்டத்திலும் வந்து கேட்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

தீர்மானம் – சபை அல்லது கூட்டம் கூடி எடுக்கும் முடிவு
இரங்கல் – துயரத்தைத் தெரிவித்தல்
மசோதா – சட்டம் ஆவதற்கு முன் சபையில் வைக்கும் எழுத்து
உரிமம் – லைசென்ஸ்
பார்வையாளர் மாடம் – சபை நடப்பதைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கும் இடம்
பதிவேடு – நடந்ததை எழுதிவைக்கும் புத்தகம்

விடை சொல்லுங்கள்

1. டூசான் தீர்மானத்தில் யார் யாருடைய பெயர்கள் இருந்தன?
2. அந்தத் தீர்மானத்தை இரண்டு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்ற முடிந்தது ஏன்?
3. அமெரிக்காவில் ஒரு மசோதா சட்டம் ஆக யார் யார் ஏற்க வேண்டும்?
4. ஹதியாவின் தோழிகள் ஆரஞ்சு நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர்க் கூட்டத்தில் கடைசியாக என்ன தீர்மானம் போட்டார்கள்? அது முதல் வகையா, இரண்டாம் வகையா? அதன்படி வேலை நடந்ததா? தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.